முழங்காலுக்கு முன்னால் எவ்வளவு இடம்?

ஜொகூர் ஜெயா, தாமான் டாயா என்று ஜொகூர் பாருவின் தெப்ராவ் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் குளியலறையில் கைவைத்தால் முதலில் மாறுவது கழிப்பறைதான். குந்தும் பீங்கானைப் பெயர்த்துவிட்டு உட்காரும் கோப்பையைப் பொருத்துகிறார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் அம்மாவின் முழங்கால் வலி.

கடையில் வட்டக் கோப்பையும் இருக்கும், நீள்வட்டக் கோப்பையும் இருக்கும். நீள்வட்டம் பார்க்க எடுப்பானது, உட்காரவும் தாராளம். வட்டம் இடத்தை அடைக்காது. அழகையும் விலையையும் பார்த்து எதையோ ஒன்றை வாங்கிவிடுகிறோம். வயதானவர் இருக்கும் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது வேறு: கோப்பையில் உட்கார்ந்தபின் முழங்காலுக்கு முன்னால் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது?

ஐந்து சென்டிமீட்டர் கணக்கு

இருக்கையின் திருகாணித் துளையிலிருந்து முன்விளிம்பு வரை வட்டக் கோப்பை ஏறக்குறைய 42 செ.மீ., நீள்வட்டம் 47 செ.மீ. வித்தியாசம் ஐந்தே சென்டிமீட்டர். பெரிய வீட்டில் இது கண்ணுக்கே தெரியாது. ஆனால் மலேசியாவின் 1984 சீரான கட்டட விதிகளின்படி, உட்காரும் கழிப்பறை மட்டும் உள்ள அறை 1.5 மீட்டர் நீளமும் 0.75 மீட்டர் அகலமும் இருந்தாலே போதும். குளியலும் சேர்ந்த அறைக்கு 2 சதுர மீட்டர். அந்த 1.5 மீட்டரில், தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்து 74 செ.மீ. நீளமுள்ள நீள்வட்டக் கோப்பையை வைத்தால் முன்னால் 76 செ.மீ. மிஞ்சும். ஐந்து செ.மீ. குட்டையான வட்டக் கோப்பை என்றால் 81. முன்பக்கம் குறைந்தது 53 செ.மீ. வேண்டும் என்பது அமெரிக்கக் குழாய் விதி. 76 இருந்தால் நல்லது என்பது அங்குள்ள வடிவமைப்பாளர்களின் பரிந்துரை. உள்பக்கம் திறக்கும் கதவு, வாளி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் இதே இடத்தைத்தான் பங்கு கேட்கின்றன.

எழுந்திருக்கும் அந்த நொடி

வயதானவர் எழுந்திருப்பதைப் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். முதலில் பாதங்களைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். பிறகு உடம்பு முன்னே சாயும். தலை முழங்காலைத் தாண்டும். அதன் பிறகுதான் இடுப்பு மேலே கிளம்பும். எதிரே சுவர் இடித்தால் அவரால் சாய முடியாது. கையை ஊன்றி உந்துவார், அல்லது துண்டு மாட்டும் கம்பியையோ கைகழுவும் தொட்டியையோ பிடித்து இழுப்பார். இரண்டும் ஆள் பாரத்தைத் தாங்குவதற்காக மாட்டியவை அல்ல.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2008-ஆம் ஆண்டின் குளியலறைக் காயங்களை ஆராய்ந்தது. 85 வயதைத் தாண்டியவர்களின் காயங்களில் பாதிக்கும் மேல் கழிப்பறைக் கோப்பையிலோ அதன் அருகிலோ நேர்ந்தவை.

நம்மவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2019-இல் எடுத்த தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர் இரவில் பலமுறை எழுந்து போவார். நரம்பு பாதித்திருந்தால் பாதம் மரத்து, தரை ஈரமா காய்ந்ததா என்றுகூடத் தெரியாது. இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்குச் சட்டென எழுந்தால் தலை சுற்றலாம். இவர்களுக்கு அந்த ஐந்து சென்டிமீட்டர் சின்ன விஷயம் இல்லை.

தண்ணீரில் கழுவுகிறவர்கள் நாம்

அப்படியானால் சின்ன அறைக்கு வட்டம்தான் என்று முடித்துவிடலாமா? முடியாது. தாளில் துடைப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்படும் ஆலோசனைகள் கைக்கு இடம் வேண்டும் என்பதை மறந்துவிடுகின்றன. நாம் பைப்போ குவளையோ வைத்துக் கழுவுகிறோம். வட்டக் கோப்பையில் பருமனானவர் உட்கார்ந்தால் முன்னால் கை நுழைய இடம் இருக்காது. பாதி எழுந்து, ஈரத் தரையில் பாதத்தை அழுத்தியபடி கழுவுவார். விழுவதற்கு இதைவிட வேறு வழி வேண்டாம்.

அதனால் என் கணக்கு இது: கோப்பைக்கு முன்னால் 75 செ.மீ. மிஞ்சினால் நீள்வட்டம் வாங்குங்கள். மிஞ்சாவிட்டால், முதலில் கதவை மாற்ற முடியுமா என்று பாருங்கள். அதுவும் முடியாதபோதுதான் வட்டம். தொட்டி ஒடுங்கிய, நீளம் குறைந்த நீள்வட்டக் கோப்பைகளும் விற்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

உயரம்

உயரமான கோப்பையில் உட்கார்ந்து எழுவது மூட்டுவலிக்காரருக்குச் சுலபம். ஆனால் குள்ளமான பாட்டியின் பாதம் அந்தரத்தில் தொங்கினால் தொடை அழுந்தும், மலம் கழிக்க முக்க வேண்டிவரும். டோவ் சிக்கிரோவ் என்ற இஸ்ரேலிய மருத்துவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் 28 பேர் பங்கெடுத்தார்கள். குந்தியபோது மலம் கழிக்கச் சராசரியாக 51 விநாடி ஆனது. வழக்கமான உயரத்தில் உட்கார்ந்தபோது 130 விநாடி. முழங்கால் குந்த விடாது என்றால் பாதத்துக்கு ஒரு தாழ்வான பலகை உதவும். எழுவதற்கு முன் அதைத் தள்ளி வைக்கும் பழக்கமும் வேண்டும். செருப்பில்லாமல் நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை அளந்தால் அவருக்கேற்ற உயரம் தெரிந்துவிடும்.

வாங்கும் முன்

பழைய நாளிதழை இரண்டு கோப்பைகளின் அளவுக்கும் வெட்டித் தரையில் விரியுங்கள். மேலே நாற்காலியைப் போட்டு அம்மாவை உட்காரவைத்து எழச் சொல்லுங்கள். தலை எங்கே வருகிறது, கை எதைத் தேடுகிறது என்று பாருங்கள். கை தேடிய இடத்தில்தான் பிடிகம்பி வர வேண்டும். அதைச் செங்கல்லில் திருகி மாட்டுங்கள். உறிஞ்சி ஒட்டும் வகையை நம்ப வேண்டாம்.

அடுத்தது, தரையிலுள்ள கழிவுத் துளை. கழிவு தரை வழியாக இறங்கும் எஸ்-டிராப் வகையில், ஓடு பதித்த சுவரிலிருந்து துளையின் மையம் வரை அளக்க வேண்டும். 12 அங்குலத் தூரத்தில் உள்ள துளைக்கு 10 அங்குலத் தூரத்துக்கான கோப்பையை மாட்டினால் பின்னால் ஐந்து சென்டிமீட்டர் வீணாகும். வட்டம் வாங்கி மிச்சப்படுத்திய இடம் அங்கேயே போய்விடும். குந்தும் பீங்கான் இருந்த மேடையை இடிக்காமல் அதன்மேல் கோப்பையை வைக்கச் சொல்லும் குத்தகையாளரிடம் மறுத்துவிடுங்கள். எழுந்தவுடன் படியிறங்குவது ஆபத்து. இருக்கை மூடி உடைந்தால் பழையதைக் கையோடு எடுத்துப்போய் அதே வடிவத்தில் வாங்குங்கள். பொருந்தாத மூடி பக்கவாட்டில் வழுக்கும்.

கதவு

தெப்ராவிலிருந்து விடியும் முன்னே சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பும் குடும்பங்கள் பல. பகல் முழுக்க வீட்டில் வயதானவர் மட்டும். உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் அவர் விழுந்தால் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். உதவிக்கு வந்தவர் வெளியே தவித்து நிற்பார். மடிப்புக் கதவோ வெளிப்பக்கம் திறக்கும் கதவோ மாட்டி, வெளியிலிருந்து காசால் திருப்பித் திறக்கும் பூட்டைப் போடுங்கள். கோப்பைக்கு முன்னால் இடமும் கிடைக்கும். எவ்வளவு மாற்றியும் அறை போதவில்லை என்றால், இரவு நேரத்துக்கு மட்டும் கட்டிலருகே கழிப்பறை நாற்காலி வைக்கலாம். அதன் உயரத்தையும் கைப்பிடியையும் அரசு மருத்துவமனையின் செயல்முறை சிகிச்சையாளரிடம் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.