அழவைக்கும் பாட்டும் ஆற்றிவிடும் பாட்டும்



ஒரு பாட்டைக் கேட்டு நாம் ஏன் அழுகிறோம்? அதிலும், சொல் ஒன்றுமே விளங்காத அயல்மொழிப் பாட்டொன்று நம் கண்ணை எவ்வாறு கலங்க வைக்கிறது? இவ்வாரம் இந்தக் கேள்வியை எடுத்துக் கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

இதனை என் மனத்தில் எழுப்பியவன், உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவன். ஜப்பானில் சில வருடம் தொழில் செய்துவிட்டு வந்தவன், என்னைப் பார்க்க வந்த இடத்தில் கைத்தொலைபேசியில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினான். பலர் மாறி மாறிப் பாடும் அமைதியான பாட்டு. நல்ல மெட்டு என்றேன், அவ்வளவுதான். பொருளைக் கேட்டேன்.

“இது இருக்கிற ஆக்கள்ர பாட்டில்ல சேர். செத்துப்போன ஆக்கள், இருக்கிற ஆக்களப் பார்த்துப் பாடுற பாட்டு” என்றான்.

மீண்டும் ஒரு முறை போடச் சொன்னேன். இம்முறை என்னால் முழுவதும் கேட்க முடியவில்லை.

அப்பாட்டின் பெயர் ‘ஹனா வா சாக்கு’. ‘மலர்கள் மலரும்’ என்பது பொருள். 2011 மார்ச் 11ஆம் திகதி ஜப்பானின் வடகிழக்குக் கரையைப் பூமியதிர்ச்சியும் ஆழிப்பேரலையும் தாக்கின. இறந்தோரும் காணாமற் போனோருமாக 18,000க்கும் மேற்பட்டோரை அந்நாடு இழந்தது. மறு வருடம் என்.எச்.கே. ஒலிபரப்பு நிறுவனம் இப்பாடலை வெளியிட்டது. பாட்டை எழுதிய இவாய் ஷுன்ஜி, இசையமைத்த கன்னோ யோகோ ஆகிய இருவருமே, பேரழிவுக்குள்ளான மியாகி மாகாணத்தில் பிறந்தவர்கள். ‘சுனாமி’ என்ற சொல்லை நமக்குத் தந்த மொழியிலேயே சுனாமிக்கு ஒரு பாட்டுப் பிறந்தது.

இனி, என்னிடம் ஏற்பட்ட மாற்றத்தைக் கவனியுங்கள். இரண்டு தடவையும் மெட்டு ஒன்றே, குரல்களும் அவையே, மொழி விளங்காமையும் அவ்வாறே. பேசுவது யார் என்று தெரிந்தது ஒன்றே மாறியது. அந்த ஒன்றுதான் கண்ணீரைக் கொண்டு வந்தது.

அப்படியாயின் இசைக்குப் பங்கில்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஜப்பானியரிடம் ‘என்கா’ என்றொரு பாட்டு வகை இருக்கிறது. பிரிவு, துறைமுகம், மது, விட்டு வந்த ஊர் ஆகியவையே பெரும்பாலும் அதன் பொருள். 1989இல் தமது 52ஆவது வயதில் மறைந்த மிசோரா ஹிபாரி என்ற பாடகி அதன் அரசியாகப் போற்றப்பட்டவர். நம் கமகம் போலக் குரலை நெளித்துப் பாடும் முறையொன்றும் அதில் உண்டு, ‘கொபுஷி’ என்பர். என்காவின் மெட்டுகள் பெரும்பாலும் ஐந்து சுரங்களில் அமைபவை. சோகத்துக்குப் பயன்படும் ஒரு வரிசையை நம் முறைப்படி சொன்னால் ஸ, ரி, க, ப, த என்றாகும். சதுஸ்ருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் பஞ்சமமும் சிவரஞ்சனியில் உள்ளவாறே நிற்க, தைவதம் மட்டும் சுத்த தைவதமாக இறங்கிவிடும். நம் திரையிசையில் எத்தனையோ சோகப் பாடல்களைத் தாங்கிய சிவரஞ்சனிக்கும் ஜப்பானியரின் சோகத்துக்கும் இடையே ஒரு சுரம்தான் தூரம்!

ஆனால், இசை ஒன்றே காரணமென்று முடிவு கட்டவும் முடியாது. 1977இல் சென் மசாவோ பாடிப் புகழ் பெற்ற ‘கித்தகுனி நோ ஹரு’, அதாவது ‘வடநாட்டு வசந்தம்’, நகரத்துக்குப் பிழைக்க வந்தவன் ஊரை நினைத்து ஏங்கும் பாட்டு. அதன் சுரவரிசை நம் மோகனத்தை ஒத்தது. நாம் மகிழ்ச்சிக்குரியதெனக் கொள்ளும் மோகனத்தின் சுரங்களில் அங்கே ஊரைப் பிரிந்தவன் உருகுகிறான். ஆகவே சுரம் மனத்தை இளக்கி வைக்கிறது. கண்ணீரை வரவழைப்பது வேறொன்று எனலாம்.

அந்த வேறொன்றைத் தொல்காப்பியர் அறிந்திருந்தார். மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கையும் அவர் வகுக்கிறார். பிறரால் இகழப்படுதல், உரியதை இழத்தல், முன்னைய நிலையினின்று தளர்தல், இல்லாமை என இவை நான்கும் வாழ்க்கையில் நேர்பவை. பாட்டு இவற்றைப் புதிதாகப் படைப்பதில்லை. கேட்பவர் நெஞ்சில் ஏற்கெனவே கிடப்பதைத் தொடுகிறது. இழவே அறியாத சிறுபிள்ளை ஒப்பாரியைக் கேட்டு வேடிக்கை பார்க்கும். அதே ஒப்பாரியில் பக்கத்திலிருக்கும் தாய் உடைந்து போவாள்.

இனி நம் வாசலுக்கு வருவோம். கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாகக் கிடக்கும் எங்கள் செட்டிபாளையத்தில் கண்ணகை அம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். வைகாசிச் சடங்கு தொடங்கியதும் கண்ணகி வழக்குரை படிக்கப்படும். மட்டக்களப்பில் ஏடுகளிலும் நாவிலும் வாழ்ந்து வந்த இந்நூலை 1968இல் வித்துவான் வி. சீ. கந்தையா பதிப்பித்தார். கடலோட்டு காதை, வழிநடைக் காதை, அடைக்கலக் காதை எனக் கதை நகர்ந்து கொலைக்களக் காதைக்கு வரும்போது கோயில் வெளி அடங்கிப் போகும். கோவலன் திரும்பி வரமாட்டான் என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். இடைச்சேரியில் காத்திருக்கும் கண்ணகைக்கு மட்டும் தெரியாது. அவள் அறியாததை நாம் அறிந்திருப்பதே அவ்விடத்தின் துயரம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் என் சின்னம்மா. கல்லாற்றில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தவர். உடல் கிடைக்கவில்லை. எனக்கு அப்போது இருபது கடந்த வயது. பெற்ற தாயான என் அம்மம்மா அழவேயில்லை. உடல் இல்லாமலே நடந்த செத்தவீட்டில் ஊர்ப் பெண்கள் ஒப்புச் சொல்லி அழ, அவர் திண்ணையில் கிழக்கே பார்த்தபடி இருந்தார். “அவள் வருவாள்” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. சோறு வைத்தால் இரண்டு பிடி உண்பார். சில நாளில் அதுவும் இல்லை. ஐந்து மாதம் இப்படியே சென்றது.

வைகாசி வந்தது. வழக்கம் விடக்கூடாதென்று அவரையும் கோயிலுக்குக் கூட்டிச் சென்றோம். கொலைக்களக் காதை படித்த இரவு. கணவன் வெட்டுண்டான் என்று கேட்டுக் கண்ணகை அரற்றும் இடம் வந்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் ஓலம் எழுந்தது. அம்மம்மாதான். சின்னம்மாவின் பெயரைச் சொல்லி “மகளே, மகளே” என்று நெஞ்சிலடித்து அழுதார். நான் எழுந்து போக முனைந்தேன். பக்கத்திலிருந்த முதிய பெண்ணொருவர் கையால் தடுத்து, என்னை இருக்கச் சொன்னார். படித்தவரும் நிறுத்தவில்லை. பாட்டு நடந்து கொண்டேயிருந்தது.

கண்ணகைக்குத் தேடிச் சென்று கட்டியழ ஓர் உடலாவது கிடைத்தது. அம்மம்மாவுக்கு அதுவும் இல்லை. உடல் இல்லாதவருக்கு ஒப்பாரி சொல்ல அவருக்கு நா எழவில்லை. சொன்னால் மகள் இறந்தது உண்மையாகிவிடும் அல்லவா? கண்ணகையின் புலம்பல் அந்த இரவு அவருக்கு இரவல் நாவாயிற்று. தன் வாயால் சொல்ல முடியாததை மற்றொருத்தியின் பேரால் சொல்ல முடிந்தது. கடல் கொண்டவர்களின் குரலாக ஜப்பானியர் ஒரு பாட்டை ஆக்கியதும் இதே தேவைக்குத்தான் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் நம் முன்னோர் அழவைத்ததோடு விட்டுவிடவில்லை. கொலைக்களத்துக்குப் பின் வழக்குரைத்த காதை. நீதி கேட்டு, மதுரையை எரித்துக் கொதித்து நிற்பவளை ஆற்றக் குளிர்ச்சிக் காதை. திருக்குளிர்த்தி இரவில் குளிர்த்திப் பாட்டுப் பாடி, வேப்பிலையால் நீர் தெளித்து அம்மனைக் குளிரச் செய்வார்கள். பெண்கள் குரவையிடுவார்கள். அந்த நீர் கூடியிருப்போர் மேலும் விழும். அழுதவரும் அம்மனும் ஒரே நீரில் குளிர்கிறார்கள். சிங்கள மக்களும் இவளைப் பத்தினித் தெய்வமாக வழிபட்டு வருவது நாம் அறிந்ததே. நோயும் வெம்மையும் தணிப்பவள் என்பதே அங்கும் நம்பிக்கை.

அன்றிரவு குளிர்த்தி முடிந்து ஒழுங்கையால் வீட்டுக்கு நடந்து வரும்போது, அம்மம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “பசிக்குது மனே.”

கருணைச் சுவை பற்றி நான் வகுப்பில் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு சொல்லுக்கு ஈடாக எதையும் சொன்னதாக நினைவில்லை.

இன்று கைத்தொலைபேசியில் அழவைக்கும் பாட்டுகள் துண்டு துண்டாக வருகின்றன. அரை நிமிடம் கேட்கிறோம், கண் கலங்குகிறது, அடுத்ததற்குத் தாவுகிறோம். அது கொலைக்களக் காதையோடு எழுந்து வீட்டுக்குப் போவதைப் போன்றது. துயரப் பாட்டை முழுதாகக் கேளுங்கள். முடிந்தால் நாலு பேரோடு இருந்து கேளுங்கள். வைகாசியில் எங்கள் பக்கம் வருவோர் கொலைக்களம் படிக்கும் இரவுக்கு மட்டுமன்றிக் குளிர்த்திக்கும் இருந்து போக வேண்டும். வழக்குரை படிக்கத் தெரிந்த முதியவர் உங்கள் ஊரில் இருந்தால், அவரருகே ஓர் இளைஞனை இருத்தி வையுங்கள். என்றோ ஒரு நாள், நா எழாத ஒருவருக்கு அந்தப் பாட்டுத் தேவைப்படும்.