பழைய மோட்டார் வீடு வாங்குதல்

மாணவர்களே, வீடும் வண்டியும் ஒன்றாயமைந்த ஊர்தியே மோட்டார் வீடு. வோக்ஸ்வாகன் நிறுவனம் 1950-இல் வெளியிட்ட சிறு வேனினுள், மறு ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனத்தார் படுக்கையும் அலமாரியும் அமைக்கலாயினர்.

இங்கிலாந்தில் என் மகன், தன் சேமிப்பு முழுவதையும் தந்து, மரச்சட்டத்தின்மேல் தகடு போர்த்த பழைய மோட்டார் வீடு ஒன்றை வாங்க எண்ணினான். உள்ளே புதிய திரைச்சீலைகள் பளபளத்தன, விற்பவரும் இன்சொல்லர். முன்பணம் தரும் வேளையில், சன்னலின் கீழுள்ள பலகையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். ஊறிய அட்டைபோல் அது உள்வாங்கியது.

காரணம் யாது? தகடுகளின் இணைப்புகள் வழியே கசியும் மழைநீர், உள்ளிருக்கும் சட்டத்தை மக்கச் செய்கிறது. வெளியே ஒன்றும் தோன்றாது. செப்பனிடும் செலவோ வாங்கிய விலையையே விஞ்சிவிடலாம். ஆதலின் முதலில் ஈரத்தைச் சோதித்தல் வேண்டும். அடுத்து, அடிப்புறத்துத் துருவை.

பின்னர் டயர்களை நோக்குக. தேயாத டயரும் முதுமையால் வெடிக்கக்கூடும். அதன் பக்கத்தில் பொறித்த நான்கு இலக்கங்கள் வயதைக் கூறும். 2315 எனில், 2015-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது.

சுமையையும் கணக்கிடுக. 100 லிட்டர் நீர் நிரப்பினால் 100 கிலோகிராம் எடை கூடும்; சிறு வண்டியில் ஏற்ற அனுமதித்த சுமையில் அது கணிசமான பங்கை விழுங்கிவிடக்கூடும்.

கையிருப்பு முழுவதையும் விலையாகத் தந்துவிடலாகாது. பழுதுபார்க்கவும் ஒரு பங்கு வேண்டும். சில திங்கள் கழித்து என் மகன் வேறொரு சிறு வண்டி வாங்கினான். அதன் திரைச்சீலை நைந்திருந்தது, சுவரோ உலர்ந்திருந்தது. திரையை மாற்றுதல் எளிது.