ஷிப்டுக்கு நடுவே ஒரு மாத்திரை

மருந்து கிடைத்த பிறகு

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து இன்று நாளுக்கு ஒரே மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அதிலேயே அடக்கம். அரசு ஏ.ஆர்.டி. (கூட்டு மருந்து சிகிச்சை) மையங்களில் இது இலவசம். 2004 ஏப்ரலில் இலவச சிகிச்சை தொடங்கியபோது இந்தியா முழுவதும் இருந்த 8 மையங்களில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. 2017 முதல் தொற்று உறுதியான எல்லோருக்கும் சிகிச்சை உண்டு. விடாமல் சாப்பிட்டால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறையும். அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவு வழியாகப் பிறருக்குத் தொற்றாது. சிக்கலெல்லாம் அந்த ‘விடாமல்’ என்ற சொல்லில்தான்.

சிகிச்சையில் சேர்ந்தவர் ஏன் நடுவில் நிற்கிறார், எந்த ஏற்பாடு இருந்தால் நிற்க மாட்டார் என்று ஆராய்வது செயலாக்க அறிவியல். மருந்தை அல்ல, மருந்து கொடுக்கும் முறையை அது சோதிக்கிறது. ‘நோயாளிக்கு அக்கறை இல்லை’ என்ற வழக்கமான பதில் அங்கே செல்லாது.

ஆப்பிரிக்கா கண்ட வழிகள்

மொசாம்பிக்கின் டெட்டே மாகாணத்தில் 2008-இல் நோயாளிகள் ஆறு பேர் வரையிலான குழுக்களாகச் சேர்ந்தனர். மாதம் ஒருவர் மருத்துவமனைக்குப் போய் எல்லோருக்கும் மாத்திரை வாங்கி வருவார். தன் பரிசோதனையையும் அன்றே முடித்துக்கொள்வார். பேருந்துச் செலவும் ஒருநாள் கூலியும் மற்றவர்களுக்கு மிச்சம். மலாவியிலும் சாம்பியாவிலும் 30 மருத்துவ நிலையங்களில் நடந்த ஆய்வில், 6 மாத மாத்திரையை மொத்தமாகப் பெற்றவர்களே சிகிச்சையில் அதிகம் நீடித்தனர். அந்தக் கண்டத்துக்குப் போகும் மாத்திரைகளில் பெரும்பங்கு இந்தியத் தயாரிப்பு. மாத்திரை இங்கிருந்து போனது. வழிமுறை அங்கிருந்து வரலாம்.

ஓசூர் எல்லையில்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் காலை ஷிப்ட் பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளி மருத்துவமனை ஓ.பி.க்குப் போனால் அன்றைய கூலி போச்சு. ஓர் அறையில் ஐந்தாறு பேர் தங்கும் இடத்தில், டப்பாவுக்குள் மாத்திரை குலுங்கும் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பயத்தில் காகிதத்தில் மடித்து வைத்தால் ஈரம் பட்டு மருந்து கெடும். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா பக்கம் வேலை மாறினால் மாநிலமே மாறிவிடுகிறது. சிகிச்சைப் புத்தகத்தைக் காட்டி வேறு மையத்தில் தற்காலிகமாக மருந்து வாங்கலாம், நிரந்தரமாகப் பதிவையும் மாற்றிக்கொள்ளலாம். இது தெரியாமல் மருந்தை நிறுத்துவது வீண் இழப்பு.

2020 ஊரடங்கில், சிகிச்சையில் நிலையாக இருந்தவர்களுக்குச் சில மாத மருந்து சேர்த்தே தரப்பட்டது. ஓசூருக்கு உடனே பொருந்தும் பாடம் இதுதான். ஆறு பேர் குழு இங்கே அவ்வளவு எளிதல்ல. கிராமத்தில் அண்டை வீட்டாரை நம்பலாம்; மூன்று மாதத்துக்கொருமுறை அறை மாறும் ஊரில் யாரை நம்புவது? அதனால் குழுவுக்கு முன்பு, ஞாயிறு அல்லது மாலை நேர மருந்து வழங்கலும், தமிழோடு கன்னடம், தெலுங்கு, இந்தி பேசும் ஆலோசகரும்தான் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியவை.

வேலை போகுமா?

2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. தொற்றைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டவும் கூடாது. பரிசோதனையும் ஆலோசனையும் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் இலவசம், விவரம் ரகசியம். சந்தேகம் இருந்தால் 1097-ஐக் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது.