மூப்படைந்த செல்களும் முதுமையின் வியாதிகளும்



மருத்துவமனை வார்டுகளில் வயது சென்றவர்களின் படுக்கையருகே உட்காரும்போது அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, வயதைக் குறைக்கிற மாத்திரை வந்துவிட்டதாமே, வாங்கிச் சாப்பிடலாமா?" முழங்கால் வலியோடு பல வருஷம் தவிக்கிறவர்கள் இப்படிக் கேட்பதில் ஆச்சரியமில்லை. ஆகவே இந்த ஆராய்ச்சி எந்த அளவில் இருக்கிறது என்பதை எளிய விதத்தில் சொல்ல விரும்புகிறேன்.

நம் சரீரம் கோடானுகோடி செல்களால் ஆனது. தோல், குடல் போன்ற இடங்களில் பழைய செல்கள் போக, மற்றவை இரண்டாகப் பிரிந்து அந்த இடத்தை நிரப்புகின்றன. மனித செல்கள் முடிவில்லாமல் பிரிந்துகொண்டே இருக்கும் என்றுதான் விஞ்ஞானிகள் ஒரு காலத்தில் நம்பினார்கள். 1961-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள விஸ்டார் ஆராய்ச்சிக் கூடத்தில் லியோனார்ட் ஹேஃபிளிக், பால் மூர்ஹெட் என்ற இருவர் அது தவறு என்று காட்டினார்கள். கண்ணாடிக் குப்பியில் வளர்த்த மனித செல்கள் ஏறக்குறைய 50 முறை பிரிந்தபின் நின்றுவிட்டன. ஆனாலும் அவை சாகவில்லை.

ஏன் நின்றன? செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களின் நுனியில் டெலோமியர் என்ற பகுதி உண்டு. கோரைப் பாயின் ஓரத்தில் தைத்திருக்கும் துணிக்கரையைப் போன்றது அது. ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் அது கொஞ்சம் தேய்கிறது. மிகவும் தேய்ந்தவுடன் செல் தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது. புகையிலைப் புகை, கதிர்வீச்சு முதலியவற்றால் சேதமடைந்த செல்லும் இப்படியே நின்றுவிடும்.

இது நமக்கு ஒரு பாதுகாப்பு. சேதமடைந்த செல் பிரிந்துகொண்டே போனால் புற்றுநோய் உண்டாகும். காயம் ஆறுவதற்கும் இத்தகைய செல்கள் சில நாள் உதவி செய்கின்றன. பின்பு சரீரத்தின் எதிர்ப்புச் சக்தி அவற்றை அகற்றிவிடுகிறது.

முதுமையிலோ இவை அதிகம் உண்டாகின்றன, அகற்றும் சக்தியோ குறைகிறது. தங்கிப்போன செல்கள் சும்மா இருப்பதில்லை. அழற்சியை உண்டாக்கும் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. கூடையில் அழுகின ஒரு மாம்பழம் பக்கத்திலுள்ள பழங்களைக் கெடுப்பதுபோல, அவை அண்டையிலுள்ள நல்ல செல்களையும் கெடுக்கின்றன. மூட்டு, நுரையீரல், இரத்தக் குழாய் ஆகிய இடங்களில் இவை சேருகின்றன.

அப்படியானால் இவற்றை மட்டும் அகற்றினால் என்ன? அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆராய்ச்சியாளர்கள் 2011-ல், சீக்கிரம் முதுமையடையும் எலிகளில் இதைச் செய்து பார்த்தார்கள். கண்புரையும் தசைத் தளர்ச்சியும் வரத் தாமதமாயின. 2016-ல் சாதாரண எலிகளிலும் செய்தார்கள். அவற்றின் ஆயுள் ஏறக்குறைய கால் பங்கு கூடியது.

இவ்வகைச் செல்களை அழிக்கும் மருந்துகளுக்கு செனோலிட்டிக் என்று பெயர். 2015-ல் வெளிவந்த ஆய்வில் இரண்டு பொருள்களைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒன்று இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் டாசாடினிப். மற்றொன்று வெங்காயத்திலும் ஆப்பிளிலும் இருக்கும் குவெர்செட்டின்.

மனிதர்களிடத்தில் கண்டது என்ன? 2019-ல், நுரையீரல் தடித்துச் சுருங்கும் வியாதியுள்ள 14 பேருக்கு மூன்று வாரம் இதைக் கொடுத்தார்கள். ஆறு நிமிஷத்தில் அவர்கள் நடக்கும் தூரம் கூடியது. ஆனால் மருந்து பெறாத மற்றொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்காததால் இதை முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. 2020-ல் முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு இதே நோக்கமுள்ள வேறொரு மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். அது வெறும் ஊசியைவிட அதிகமாக வலியைக் குறைக்கவில்லை. 2024-ல், மாதவிடாய் நின்ற 60 பெண்களிடம் டாசாடினிப், குவெர்செட்டின் இரண்டையும் சோதித்த ஆய்வு வெளிவந்தது. இருபது வார முடிவில் எலும்பு கரைவது குறைந்திருக்கவில்லை.

ஆகவே, எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்று இன்னும் சொல்லுவதற்கில்லை. டாசாடினிப் இரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும். இரத்தக் கசிவை உண்டாக்கும். நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கச் செய்யும். புற்றுநோய்க்காரர் வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொள்ளும் இந்தத் தொல்லைகளை, சுகமாயிருப்பவர் விலை கொடுத்து வாங்க வேண்டுமா? விளம்பரத்தைப் பார்த்துப் பணம் அனுப்பும் முன் உங்கள் மருத்துவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

இந்த ஆராய்ச்சியைப் பரியாசம் பண்ணவும் வேண்டாம். இதைச் செய்யும் மருத்துவர்களில் அநேகர் மரணத்தை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் அல்ல. ஒரு முதியவர் தம் கடைசி வருஷங்களில் பிறர் கையைப் பிடிக்காமல் எழுந்து நடக்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அது நல்ல நோக்கம். அது நிறைவேறும் வரை புகையிலையை விடுவதும், தினமும் நடப்பதும், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அடக்கி வைப்பதும் நம் கையில் இருக்கின்றன.

மாத்திரையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதிலும் இதுதான்: "இன்னும் வரவில்லை ஐயா. வாருங்கள், வராந்தா வரை மெதுவாக நடந்துவிட்டு வருவோம்."