ஏழு ரயில் பெட்டி நீளத்துக்கு 2,000 டிராகன்! பச்சை குத்தும் ஓவியரின் கதை

பச்சை குத்துவது என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பாட்டியின் கையில் மங்கிப்போன கோலம். இல்லாவிட்டால் யாரோ ஒரு ஆசாமியின் கையில் காதலியின் பெயர். அவ்வளவுதானே?

அந்தத் தொழிலைப் படக்காரனின் வேலையாக மாற்றிக் காட்டியவர் ஓர் அமெரிக்கர். பெயர் டான் எட் ஹார்டி. 1945-ல் பிறந்தவர். கலிபோர்னியாவில் கடலோர ஊர் ஒன்றில் வளர்ந்தவர்.

‘எட் ஹார்டியா? எங்கேயோ பார்த்த பேராச்சே!’ என்கிறீர்களா? பனியனில் பார்த்திருப்பீர்கள். அந்த வம்பு பின்னால் வருகிறது.

பத்து வயதில் கடை

நண்பன் ஒருவனின் அப்பா உலகப் போருக்குப் போய் வந்தவர். அவர் உடம்பில் பச்சை. அதைப் பார்த்த பையனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. வீட்டிலேயே விளையாட்டுக் கடை போட்டான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து, கலர் பென்சிலாலும் கண் மையாலும் உடம்பெல்லாம் படம் வரைந்தான். அப்போது வயது பத்து!

வளர்ந்ததும் சான்பிரான்சிஸ்கோ கலைக் கல்லூரியில் சேர்ந்தார். படித்தது அச்சு ஓவியம். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, கீறலில் மை ஏற்றி, தாளில் அழுத்திப் படம் எடுக்கும் வித்தை. 1967-ல் பட்டம் வாங்கினார். பெயர் பெற்ற யேல் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புக்கும் இடம் கிடைத்தது.

கிடைத்த சீட்டை எவனாவது விடுவானா? இவர் விட்டார். பச்சை குத்தப் போனார்!

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் அது மதிப்பான தொழில் அல்ல. கப்பல்காரனும் சிப்பாயும் வருவான். சுவரில் ஒட்டியிருக்கும் படங்களில் ஒன்றைக் காட்டுவான். நங்கூரம், இதயம், கழுகு. குத்திக்கொண்டு போவான். நியூயார்க் நகரத்தில் மஞ்சள் காமாலை பரவுகிறது என்று சொல்லி 1961-ல் தடையே போட்டார்கள். அந்தத் தடை நீங்கியது 1997-ல்தான்!

வாத்தியார் காட்டிய புத்தகம்

ஹார்டியை இழுத்தவர் ஒரு வேடிக்கையான மனிதர். பெயர் சாமுவேல் ஸ்டூவர்ட். காலேஜில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து, வேறு பெயரில் பச்சை குத்தும் கடை வைத்தவர். அவர்தான் ஜப்பானியப் பச்சை பற்றிய புத்தகம் ஒன்றைக் காட்டினார். தோள் முதல் தொடை வரை ஒரே படம்! அலை, மேகம், மீன், வீரன் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஹார்டி அசந்து போனார்.

1973-ல் ஜப்பானுக்கே போய்விட்டார். கிஃபு நகரில் ஹொரிஹிதே என்ற உஸ்தாதிடம் சில மாதங்கள் தொழில் பழகினார். வந்த வாடிக்கைக்காரர்களில் பெரும்பாலோர் ‘யாகூசா’ எனப்படும் ரவுடிக் கும்பலைச் சேர்ந்தவர்கள்.

திரும்பி வந்து 1974-ல் சான்பிரான்சிஸ்கோவில் சொந்தக் கடை திறந்தார். முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டுதான் வரவேண்டும். ‘இந்தப் படத்தைக் குத்து’ என்று சுவரைக் காட்டுகிற கதை அங்கே கிடையாது. வருகிறவர் மனதில் இருப்பதைச் சொல்வார். ஹார்டி அதற்கென்று புதிதாகப் படம் போடுவார்.

ஆனால் இதில் ஒரு தொல்லை. படம் ஹார்டியுடையது. தோல் இன்னொருவருடையது! துணியில் தீட்டியது பிடிக்காவிட்டால் மேலே இன்னொரு பூச்சு பூசலாம். தோலுக்குள் போன மை போனதுதான். படமும் குத்திக்கொண்டவரோடு நடந்து போய்விடும்.

1986-ல் ஹவாய்த் தீவுக்குக் குடிபோனார். விட்டுப் போயிருந்த ஓவியத் தூரிகையை மறுபடி எடுத்தார். 2000-ம் ஆண்டு, சீனக் கணக்கில் டிராகன் வருடம். டிராகன் என்றால் கால் முளைத்த நாகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நீளமான சுருளை விரித்தார். அகலம் 4 அடி. நீளம் 500 அடி! ரயில் பெட்டிகளை வரிசையாக நிறுத்தினால் ஏழு பெட்டி வரும். அதில் 2,000 டிராகன்களைத் தீட்டி முடித்தார்.

பெயர் போன கதை

இப்போது பனியன் வம்பு. 2000-க்குப் பிறகு அவருடைய பழைய டிசைன்களைத் துணியில் அச்சடிக்க உரிமை கேட்டு வந்தார்கள். கொடுத்தார். கிறிஸ்டியன் ஒடிஷியே என்ற ஃபேஷன் வியாபாரி கைக்குப் போனதும் சரக்கு பறந்தது. புலி, மண்டை ஓடு, ரோஜாப்பூ, நடுவில் கொட்டை எழுத்தில் ‘எட் ஹார்டி’. 2009 வாக்கில் ஆண்டுக்கு 70 கோடி டாலர் விற்பனை என்றார்கள்.

பணம் வந்தது, நிஜம். ஆனால் சினிமா, டி.வி. ஆட்கள் போட்டுப் போட்டு அலுத்துப்போய், அந்தப் பெயரே கேலிப் பொருள் ஆனது. எட் ஹார்டி என்று ஒரு மனிதர் இருக்கிறார், படம் போடுகிறவர் என்பதே பனியன் போட்ட பல பேருக்குத் தெரியாது! வியாபாரியோடு கோர்ட்டு வரை போய், பிறகு சமரசம் ஆனது. 2011-ல் பெயர் உரிமையின் பெரும்பங்கு ஒரு கம்பெனிக்குக் கைமாறியது.

ஒருவர் தன் பெயரையே விற்பதா என்று நாம் சுலபமாகக் கேட்டுவிடலாம். ஆனால் நாள் முழுக்கக் குனிந்து ஊசி பிடித்தவருக்கு, உட்கார்ந்து படம் போட நேரம் வாங்கித் தந்ததும் அந்தப் பணம்தானே!

2019-ல் சான்பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளுக்கென்று தனிக் கண்காட்சி நடத்தியது. 500 அடி டிராகன் சுருள் இருந்தது. செப்புத் தகட்டு அச்சுகள் இருந்தன. பத்து வயதுப் பையன் விளையாட்டுக் கடைக்காகப் போட்ட படங்களும் இருந்தன.