போட்டோப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை

விடுமுறை நாட்களில் ரஞ்சன்குடிக் கோட்டையிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் காமிராவும் கையுமாய்த் திரியும் அன்பர்களைக் கண்டு மகிழ்கிறோம். லென்ஸுகளை மாற்றிப் பார்ப்பதும், கழற்றிய மூடியைத் தேடித் தவிப்பதும் குற்றமற்ற இன்பங்களே. எனினும் ஒரு விஷயம்.

1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, இராஜேந்திர சோழன் எடுப்பித்த ஆலயத்தின் கருங்கல் மதில் கல்லுக்காகத் தகர்க்கப்பட்டது. பாரிஸில் டாகேரின் போட்டோ முறை வெளியானதோ 1839-ல். டிரைப் துரை தஞ்சைப் பெரிய கோயிலைப் படம் பிடித்ததோ 1858-ல். ஆகவே இழந்த மதிலுக்குப் போட்டோ இல்லை. அதற்காக எவரையும் நோவதற்கில்லை.

இன்று அச்சமாதானம் செல்லாது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில், கடல் கிடந்த காலத்துச் சிப்பிப் படிவங்கள் சிமெண்டுக்காகக் கல்லோடு கல்லாய் அரைபடுகின்றன. அந்தி வானத்தைப் பிடித்தபின் அவற்றையும் ஒரு படம் பிடியுங்கள். இடமும் தேதியும் குறித்து வையுங்கள். பொழுதுபோக்கே தேசத்தொண்டாகும்.