மரமே இல்லாத காகிதம், தானே ஓடும் மை! தெரியுமா?

தூரிகை வேண்டாம், பென்சில் கோடும் வேண்டாம். ஒரு சொட்டு விட்டால் போதும்! விழுந்த மாத்திரத்தில் வட்டமாக விரிந்து, ஓரத்தில் அடர்ந்த கரை கட்டி, நடுவில் வெளிறிவிடும். கைவினை வாழ்த்து அட்டைகளில் கலக்கும் ஆல்கஹால் இங்க்கின் வித்தை இது!

ஏன் இந்த ஓட்டம் தெரியுமா? தண்ணீரின் பரப்பு இழுவிசை 72 அலகு என்றால், இந்த மைகளில் பெரும்பாலும் இருக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலுக்கு வெறும் 22! அதனால்தான் வழவழப்பான பிளாஸ்டிக்கிலும் முத்தாகத் திரளாமல் படர்ந்துவிடுகிறது.

ஈர மையின் நடுவே வெறும் ஆல்கஹால் ஒரு சொட்டு விடுங்கள். சாயம் அலறியடித்துக்கொண்டு விலகும்! இழுவிசை குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்குத் திரவம் இழுபடும் விளைவும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஒயின் கோப்பையின் உட்சுவரில் வழியும் 'கண்ணீரை' வைத்து இதை 1855-லேயே விளக்கியவர் ஜேம்ஸ் தாம்சன். இயற்பியலாளர் லார்டு கெல்வினின் அண்ணன்! ஆனால் பெயர் யாருக்குப் போனது தெரியுமா? பத்து வருடம் கழித்து, 1865-ல் ஆய்வேடு எழுதிய இத்தாலிக்காரர் கார்லோ மாரங்கோனிக்கு! பாவம் தாம்சன்!

இந்த மைக்கென்றே பலர் தேடி வாங்கும் ஜப்பானிய 'யூப்போ' காகிதத்தில் மரக்கூழ் துளிகூடக் கிடையாது! முக்கியமாக பாலிப்ரொப்பிலீன், அதாவது சமையலறை டப்பா செய்யும் அதே பிளாஸ்டிக்! சாதாரணக் காகிதம் மையைக் குடித்துவிடும். கைவசம் யூப்போ இல்லையா? பழைய ஓஎச்பி ஷீட் போதும்!

காய்ந்த பிறகு பிடிக்கவில்லையா? மறுபடி ஆல்கஹால் தொட்டால் மை கரைந்து எழுந்துவிடும்! பஞ்சால் ஒற்றி எடுத்தால், வெள்ளை மையே இல்லாமல் வெண்பூக்கள்!

இனி கொஞ்சம் பயமுறுத்தட்டுமா? ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலின் ஆவி தீப்பற்ற 12 டிகிரி செல்சியஸ் போதும். ஏசி அறைகூட அதைவிடச் சூடு! ஆவியோ காற்றைப் போல் இரு மடங்கு கனம். மேசையோடு ஊர்ந்து போய்ப் பக்கத்து விளக்கைத் தொடும்! என்95 முகக்கவசம் காக்குமா? காக்காது! அது தூசிக்குத்தான். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இந்த மைக்கு வெயிலும் ஆகாது, பெரும்பாலும் சாயம் என்பதால் வெளுத்துப்போகும்.

கடைசியாக, அட்டை மேல் பெர்மனென்ட் மார்க்கரால் 'பொங்கல் வாழ்த்து' எழுதப் போகிறீர்களா? நில்லுங்கள்! பெரும்பாலான மார்க்கர்களில் இருப்பதும் ஆல்கஹால்தான். முனை பட்ட இடத்தில் கீழே உள்ள நிறம் கரைந்து, எழுத்தோடு கலந்து குழம்பிவிடும்! தனித் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.